பணம் கட்டிய கதவை நானே சாத்துகிறேன்

பல்கலைக்கழகங்களையும் அவற்றோடு சேர்ந்த மருத்துவமனைகளையும் நடத்தும் துணைவேந்தர்கள், இயக்குநர்கள், நிதி அலுவலர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். நான் ஒரு மருத்துவ நூலகர். ஒவ்வொரு கல்வியாண்டும் முடிந்த கையோடு தேர்வுப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு பட்டியல் வரும். படிப்பை முடித்துப் போகிறவர்களின் பெயர்கள். அதன் தலையில் ஒரே வரி: ‘கீழ்க்கண்டோரின் நூலகக் கணக்குகளை முடக்கவும்.’ முடக்குகிறேன். பெயருக்கு ஒரு சொடுக்கு. நேற்றுவரை நள்ளிரவில் விடுதி அறையில் உட்கார்ந்தபடி எந்த ஆய்விதழையும் திறந்து படித்தவருக்கு, அந்தச் சொடுக்குக்குப் பிறகு கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் ஒரு விலையும்தான் தெரியும்.

மாணவராக இருந்தபோது அவர் செய்த பிழை மதிப்பெண்ணைக் குறைத்தது. இனி அவர் செய்யும் பிழையை ஒரு நோயாளி சுமப்பார். பொறுப்பு குறைவாக இருந்த காலத்தில் எல்லா ஏடுகளும் திறந்திருந்தன. மருந்துச் சீட்டில் கையெழுத்திடும் உரிமை வந்த வாரத்தில் அத்தனையும் மூடிக்கொள்கின்றன. இப்படி இருக்கட்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மாணவர் தலைகளை எண்ணிச் சந்தா கணக்கிடும் வழக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த ஏற்பாடு இது.

சென்ற ஆண்டு, நான் முடக்கிய ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சிறிய மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறார். சிறுநீரகம் பழுதுபட்ட கர்ப்பிணி ஒருவருக்கு ஒரு மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று ஐயம். ‘சார், சுருக்கம் கிடைத்துவிட்டது. அளவு அட்டவணை உள்ளே இருக்கிறது. அந்த ஒரு பக்கம் போதும்.’ அந்தப் பக்கம் என் திரையில் திறந்தே இருந்தது. ஒப்பந்தப்படி அதை அவருக்கு நான் அனுப்பக் கூடாது. நல்லவேளையாக, அதே கட்டுரையின் இறுதிக் கைப்பிரதியைக் கட்டுரையாளர் தம் பல்கலைக்கழகம் எல்லோரும் படிக்க இணையத்தில் திறந்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் போட்டு வைத்திருந்தார். தேடிப் பிடித்து இணைப்பை அனுப்பினேன். நாற்பது நிமிடம் ஆனது. அது கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை நீங்கள் படிக்கும் மடலில் எழுதுவதற்கில்லை.

வாங்குவதற்குச் செலவிடுகிறீர்கள், கொண்டுசேர்ப்பதற்குச் செலவிடுவதில்லை. இந்த மடல் முழுக்க இதைத்தான் சொல்லப்போகிறேன். கட்டிய பணத்துக்கும் கட்டிலருகே நிற்பவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நம் நிறுவனங்களில் யாரும் அளப்பதில்லை.

அளந்து பார்த்தவர்கள் உண்டு. டேவிட் சாக்கெட், ஷரன் ஸ்ட்ராஸ் என்ற இரு மருத்துவர்கள் ஆக்ஸ்ஃபர்டின் ஜான் ராட்க்ளிஃப் மருத்துவமனையில் ஒரு தள்ளுவண்டியைத் தயார் செய்தார்கள். வண்டியில் ஒரு கணினி, குறுவட்டுகளில் தரவுத்தளங்கள், சில நூல்கள். மருத்துவக் குழு கூடிப் பேசும் அறைக்குள் அதை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். (படுக்கைக்குப் படுக்கை தள்ளிக்கொண்டு போகும் பருமனில் அது இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.) அந்த மாதத்தில் குழு 98 முறை தேடியது. அவற்றில் 79 தேடல்கள் நோயறிதலையோ சிகிச்சையையோ தொடுபவை. 71க்கு விடை கிடைத்தது. அந்த 71இல் 16 முறை, ஏற்கெனவே எடுத்திருந்த முடிவு திருத்தப்பட்டது. விடை கண்ணில் பட அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வண்டியை எடுத்துவிட்டார்கள். தேட வேண்டும் என்ற தேவை 41 முறை எழுந்தது. தேடியது ஐந்தே முறை. 1998இல் வெளியான இந்தக் கணக்கை நான் பலமுறை படித்திருக்கிறேன். மருத்துவர்கள் அவர்களேதான், நூலகமும் அதே இடத்தில்தான் இருந்தது. வண்டி மட்டும்தான் இல்லை.

‘எங்கள் மருத்துவர்களுக்குக் கேள்வியே எழுவதில்லை, அதனால்தான் பயன்பாடு குறைவு’ என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னதுண்டு. கேள்வி எழாமல் இல்லை. 2014இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, சராசரியாக இரண்டு நோயாளிகளைப் பார்த்தால் ஒரு கேள்வியாவது எழுகிறது என்று காட்டியது. அவற்றில் பாதியை யாரும் தேடிப் போவதே இல்லை. தேடிப் போனவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு விடை கிடைத்தது. விடை அங்கே காத்துக் கிடக்கிறது. அதுவரை நடக்கத்தான் ஆளில்லை, நேரமில்லை.

நம் வளாகங்களில் அந்தத் தூரம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். வார்டில் ஒரு கணினி. அதில் ஆய்விதழின் தளத்தைத் திறந்தால், ‘இந்தப் பக்கம் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது’ என்று வருகிறது. மருத்துவமனை வலையமைப்பு வேறு, பல்கலைக்கழக வலையமைப்பு வேறு. சந்தா பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது. சரி, வெளியிலிருந்து நுழையும் வழியில் போகலாம் என்றால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கக் கைபேசிக்கு எண் வரும். கைபேசியோ வார்டுக்கு வெளியே பெட்டியில் இருக்கிறது. இத்தனையும் கடந்து உள்ளே போனால், ‘ஒரே நேரத்தில் அனுமதிக்கப்பட்ட பயனர் எண்ணிக்கை நிறைந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்கிறது திரை. பிறகு என்றால் எப்போது? அந்த நேரத்தில் நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

இதைவிட என்னை உறுத்துவது செவிலியர் கதை. நூலகக் கணக்குக்கான பயனர் வகைகளைப் பாருங்கள்: பேராசிரியர், முதுநிலை மாணவர், இளநிலை மாணவர், ஆய்வாளர். செவிலியருக்கு அதில் இடமில்லை. மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், ஆய்வகத் தொழில்நுட்பர் எவருக்கும் இல்லை. அவர்கள் மருத்துவமனை ஊழியர்கள். சம்பளத் தலைப்பு வேறு. பதிப்பாளர்கள் தலைக்கணக்குப் பார்த்து விலை சொல்வதால், இவர்களை விட்டுவிட்டால் ரசீதில் தொகை குறைகிறது. அந்தச் சேமிப்பைக் கண்டுபிடித்தவருக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்திருப்பார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு இரண்டு மருந்துகளை ஒரே குழாயில் ஏற்றலாமா, கூடாதா என்று நின்று யோசிப்பவர் பேராசிரியரா? நரம்பு வழி ஏற்றும் மருந்துகள் எதனோடு எது சேரும், எது சேர்ந்தால் திரிந்து படியும் என்று சொல்லும் தரவுத்தளத்தை நாம் வாங்கித்தான் வைத்திருக்கிறோம். வாங்கியதை, அதை அன்றாடம் தொடும் கைக்கு மட்டும் கொடுக்கவில்லை. அந்தச் செவிலியர் என்ன செய்வார்? பக்கத்து வார்டில் மூத்தவரைக் கேட்பார். மூத்தவர் தமக்கு மூத்தவர் சொன்னதைச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில் எத்தனை படுக்கைகள் அடங்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் என்னிடம் கேட்பது பதிவிறக்கக் கணக்கு. மொத்தச் செலவைப் பதிவிறக்கங்களால் வகுத்து, ஒரு கட்டுரைக்கு இவ்வளவு ஆனது என்று ஒரு கட்டத்துக்குள் எழுதிக் கொடுக்கிறேன். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் வருகிறது. இடம் நிறைந்ததால் திருப்பி அனுப்பப்பட்டோர் எத்தனை முறை, சந்தா இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டோர் எத்தனை முறை. பதிப்பாளர்கள் பொது நெறிமுறைப்படி மாதந்தோறும் கொடுக்கும் எண்கள் இவை. நூலகக் குழுவுக்கு நான் கொடுத்த அறிக்கையில் பதினான்காம் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் வருமுன்பே கூட்டம் முடிந்துவிட்டது. வந்தவர்களை எண்ணுகிறோம், வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களை எண்ணுவதில்லை.

எங்கள் தொழிலில், இந்திய நூலக அறிவியலின் முன்னோடி சீ. இரா. ரங்கநாதனின் பெயரைச் சொல்லாமல் யாரும் மேடையைவிட்டு இறங்குவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் விழாக்களில் முழங்குவது முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. மருத்துவமனைக்கு நான் எடுத்துக்கொள்வது நான்காவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்கிறது அது. வார்டுக்கு இது பொருந்துவதுபோல் வேறு எங்கும் பொருந்தாது.

முன்வாசல் கடினமானால் பின்வாசல் திறக்கும். சந்தாக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகக் கொடுக்க 2011இல் தொடங்கிய சை-ஹப் தளத்தின் ஆறு மாதப் பதிவுகளை 2016இல் ஓர் அறிவியல் இதழ் ஆராய்ந்தது. 2.8 கோடி வேண்டுகோள்கள். ஏழை நாடுகள் மட்டும் என்று நினைத்தால் தவறு. சந்தாவுக்குக் கோடிகளைக் கொட்டும் பணக்காரப் பல்கலைக்கழக ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தங்கள் நிறுவனம் பணம் கட்டிய கட்டுரையை அவர்கள் திருட்டு வழியில் எடுத்தார்கள், அது சுலபமாக இருந்ததால். இதை நான் ஆதரித்து எழுதவில்லை. என் முகத்தில் விழுந்த அறையாக எடுத்துக்கொள்கிறேன்.

விலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆய்விதழ்ச் சந்தாவுக்கு ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலரை நெருங்குகிறது, இது தாங்காது என்று 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆலோசனைக் குழுவே எழுதியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2019இல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்துடன் பேச்சை முறித்துக்கொண்டு, இரண்டாண்டு பொறுத்து 2021இல் தனக்கு ஏற்ற நிபந்தனைகளோடு கையெழுத்திட்டது. நிபந்தனை பேச முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் பேசும்போது விலையை மட்டும் பேசுகிறீர்கள். யார் படிக்கலாம் என்ற பகுதி அச்சடித்து வந்தபடியே கையெழுத்தாகிறது.

லைபீரியாவை நினைத்துப் பாருங்கள். 2014இல் எபோலா பரவியபோது, அந்த நோய் தங்கள் பகுதிக்கு உரியதே அல்ல என்றுதான் அந்நாட்டு மருத்துவத் துறையினர் நம்பியிருந்தார்கள். 1982இலேயே ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில், அங்கே எடுத்த ரத்த மாதிரிகளை வைத்து, லைபீரியாவையும் எபோலா வட்டாரத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். 2015இல் லைபீரியச் சுகாதார அமைச்சகத்தின் தலைமை மருத்துவ அலுவலர் பெர்னிஸ் டான் இரு சகாக்களோடு ஒரு செய்தித்தாளில் இதை எடுத்துச் சொன்னார். அத்தகைய ஒரு கட்டுரையைப் பதிவிறக்க 45 டாலர். அங்கே ஒரு மருத்துவரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம். விலை மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் கட்டுரைகளில் ஒரு லைபீரியர்கூட இணை ஆசிரியராக இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு போனவர்கள் தங்கள் ஊரில் எழுதி, தங்கள் ஊரிலேயே வெளியிட்டார்கள். அந்தத் தொற்றில் மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஒரு கட்டுரை அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல நான் யார்? யாருடைய ரத்தத்தைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுடைய மருத்துவர்களிடம் அது போய்ச் சேரவில்லை என்பது வரைக்கும் சொல்லலாம்.

கதவு திறந்திருந்தாலும் தேடத் தெரிய வேண்டும். 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்காக ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி உள்ளிழுத்த ஆரோக்கியமான இளம் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பழுதாகி இறந்தார். அந்த மருந்தால் நுரையீரல் கெட்டதை 1950களின் கட்டுரைகள் பதிந்திருந்தன. ஆய்வாளர் தேடிய, மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் தரவுத்தளமோ அன்று 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். அந்தத் தளத்தை 1997 முதல் உலகில் யாரும் இலவசமாகத் தேடலாம். அது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவரிடம் கேட்டால்தான் அதன் எல்லைக்கு அப்பாலும் தேடத் தோன்றும். எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் அது தெரியும். கேட்க ஆள் வேண்டும், ஆளிடம் கேட்கும் பழக்கமும் வேண்டும்.

அந்த ஆளைத்தான் நீங்கள் ஒவ்வொருவராகக் குறைத்து வருகிறீர்கள். ‘எல்லாம் இணையத்தில் இருக்கிறதே’ என்பது வழக்கமான காரணம். 1971இல் கெர்ட்ரூட் லாம்ப் என்பவர் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நூலகர்களை மருத்துவர்களோடு சேர்த்து வார்டுச் சுற்றுக்கு அனுப்பினார். கேள்வி எழும் இடத்திலேயே அதைக் காதால் கேட்டுவிட்டு, தேடி எடுத்துக்கொண்டு வருவது அவர்கள் வேலை. 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 118 மருத்துவமனைகளைச் சேர்ந்த 16,122 பேர் பதில் சொன்னார்கள். நூலகம் வழி கிடைத்த தகவலால் நோயாளியைக் கையாண்ட விதம் மாறியது என்றவர்கள் நான்கில் மூன்று பங்கு. அவரவர் வாயால் சொன்ன கணக்கு. பாதியாக்கி எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. பாதி என்றாலும் ஒரு நூலகரின் சம்பளத்துக்கு அது மோசமான வரவு அல்ல.

கணக்கு முடக்கப்பட்டவர்கள் சும்மா இருப்பதில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். படித்த காலத்தில் சேர்த்த கோப்புகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்; வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். சிகிச்சை வழிகாட்டி மூன்று முறை மாறிய பிறகும் பழைய பதிப்பு குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறென்று இதழே திரும்பப் பெற்ற கட்டுரையும் அப்படித்தான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் திரும்பப் பெறவே 12 ஆண்டு பிடித்தது. இதழின் பக்கத்தில் இன்று அது தெளிவாகத் தெரியும். அதற்கு முன்பே ஒருவர் சேமித்து வைத்த கோப்பின் மேல் யார் போய் முத்திரை குத்துவது?

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் என்னிடம் கட்டுரை விவரத்தோடு வருகிறார்கள்: ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் இருக்கும். தேடினால் இதழ் உண்டு, தொகுதி உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய வேறு ஏதோ கட்டுரை இருக்கும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலி இட்டுக்கட்டிக் கொடுத்த மேற்கோள். இல்லாத கட்டுரையை இல்லை என்று நிரூபிக்க எனக்கு ஆகும் நேரம், இருப்பதைத் தேடிக் கொடுக்க ஆவதைவிட அதிகம். அந்த மாணவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. உண்மையான கட்டுரை பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சரளமாகப் பேசும் பொய்க்குப் பூட்டே இல்லை.

நான் கேட்பது பெரிய தொகை எதுவும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்ற வரையறையைத் திறந்து எழுதுங்கள். மருத்துவமனையில் நோயாளியைத் தொடும் எல்லோரும் அதற்குள் வரட்டும். நேரில் நூலகத்துக்கு வந்து படிப்பவர் யாராயினும் படிக்கலாம் என்று பல பதிப்பாளர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நாம்தான் வாயிற்காவலரிடம் அடையாள அட்டை கேட்கச் சொல்லி அதைக் கெடுத்து வைத்திருக்கிறோம். முன்னாள் மாணவர்களுக்கு, பட்டம் பெற்ற பின் ஐந்தாண்டாவது, மருத்துவத் தரவுத்தளங்கள் சிலவற்றையேனும் திறந்துவிடக் கேளுங்கள். சிலர் மறுப்பார்கள். சிலர் சிறு தொகைக்கு ஒப்புக்கொள்வார்கள். கேட்காதவருக்கு எவரும் கொடுக்கப்போவதில்லை.

உங்கள் ஆசிரியர்கள் எழுதும் கட்டுரைகளின் இறுதிக் கைப்பிரதியைக் களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு, தங்கள் நிதியில் நடந்த ஆய்வு என்றால், காத்திருப்புக் காலமே இல்லாமல் எல்லோரும் படிக்க வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கின்றன. நம் வார்டில், நம் நோயாளிகளை வைத்து, நம் பேராசிரியர் எழுதிய கட்டுரையை அவரிடம் படித்த மருத்துவரே காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. களஞ்சியத்தை நடத்த என்னிடம் ஆள் இல்லை. பாதி நேரத்துக்கு ஒருவர் போதும்.

திருப்பி அனுப்பப்பட்டோர் கணக்கைப் பதினான்காம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு நானே மாற்றிவிடுகிறேன். அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் கொள்முதல் குழுக் கூட்டத்துக்கு நூலகரை இதுவரை அழைத்ததில்லை. முடிவான பட்டியல்தான் எங்களுக்கு வரும். இம்முறை எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள். இரவுப் பணிச் செவிலியர் ஒருவருக்கும் ஒன்று. கூட்டத்தைக் காலை எட்டரைக்கு வைத்தால் பணி முடிந்து நேராக வந்துவிடுவார். களைத்திருப்பார், அதனால் சுருக்கமாகவே பேசுவார்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ நூலகர்